பெட்டியில் 9 எம்எம், ஒரு தோட்டாவின் அடியில் மட்டும் 380. மீதியைச் சுடலாமா?

புதுக்கை:

வணக்கம். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு நான் புதுசு, உரிமம் வாங்கி ஆறேழு மாதம்தான் ஆகிறது. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 9 எம்எம் பிஸ்டல். போன மாதம் 50 தோட்டா கொண்ட பெட்டிகள் நான்கு வாங்கினேன். அட்டைப் பெட்டி பைக்குள் கிழிந்து தோட்டாக்கள் சிதறுகின்றன என்று எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். டப்பாவில் ஏற்கெனவே கொஞ்சம் மிச்சம் கிடந்தது, அதன் மேலேயேதான் கொட்டினேன்.

இப்போது அந்தத் தயாரிப்பு நிறுவனம் ஒரு ரீகால் அறிவிப்பு, அதாவது விற்றதைத் திரும்பக் கேட்கும் அறிவிப்பு, விட்டிருக்கிறது. சில லாட் எண்களில் (ஒரே தொகுதியாகச் செய்தவற்றுக்கு இடும் எண்) வெடிமருந்தின் அளவு சரியாக இல்லாமல் இருக்கலாம், சுடுவதை உடனே நிறுத்தி லாட் எண்ணைச் சரிபாருங்கள் என்கிறார்கள். லாட் எண் இருப்பது அட்டைப் பெட்டியின் உள்மடிப்பில். அட்டைதான் போயே போச்சே.

இது போதாதென்று நேற்று பிஸ்டலின் மேகசினில், அதாவது தோட்டா அடைக்கும் கூண்டில், ஏற்றும்போது ஒரு தோட்டா மட்டும் கையில் வேறு மாதிரி பட்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் 380 ஆட்டோ என்று இருக்கிறது. மற்றவற்றில் எல்லாம் 9 எம்எம் லூகர். ரீகால் என்று அவர்கள் சொல்வது இதைத்தானா, இல்லை இது வேறு கதையா? இந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் மீதியைச் சுடலாமா? இதே டப்பாவிலிருந்து நூற்றுச் சொச்சம் சுட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. நண்பர் ஒருவர், நகை நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார், மருந்து கூடக் குறைய இருப்பது தெரிந்துவிடும் என்கிறார். செய்யலாமா? கடைசியாக, அந்த 380ஐக் கவனிக்காமல் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்றாம் லேன்:

தம்பி, முதலில் அந்த டப்பாவை மூடி, மேலே "சுடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு மீதியைப் படியுங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி நோய். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது, மற்றது தெரியாது. அடியில் வேறு எழுத்து இருப்பது தெரிகிற நோய். அதை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிடலாம். மருந்து அளவு தப்பானது அப்படியில்லை. நல்ல லாட்டிலும் கெட்ட லாட்டிலும் ஒரே கூடு, ஒரே குண்டு, அடியில் ஒரே எழுத்துதான். பித்தளைக் கூட்டின் அடியில் உள்ள எழுத்து அது எந்த அளவுக் கூடு என்று சொல்லும், உள்ளே என்ன போட்டார்கள் என்று சொல்லாது. அதற்கு லாட் எண்தான் ஜாதகம், நீங்கள் ஜாதகத்தைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். அதனால் டப்பாவில் உள்ள அத்தனையும் ரீகாலில் வருவதாகத்தான் இப்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

நூறு சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த நூறும் நன்றாக இருந்தன, அவ்வளவுதான். ஒரு லாட் என்றால் பல்லாயிரம் தோட்டா. எந்திரம் ஒரு பத்து நிமிடம் மக்கர் செய்த நேரத்தில் வந்தவை எங்கே போய் விழுந்தன என்று தெரியாததால்தான் முழு லாட்டையும் திரும்பக் கேட்கிறார்கள்.

நான் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் தளத்தில், பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். மருந்து கூடிப்போன தோட்டாவைப் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்குக் குறைந்துபோனதுதான் பெரிய பயம். ஒரு நாள் பக்கத்து லேனில் "டப்" என்று ஒரு சத்தம். வழக்கமான வெடிச்சத்தம் இல்லை, பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி. மருந்தைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் இருக்கும் ப்ரைமர் மட்டும் வெடித்திருக்கிறது, உள்ளே மருந்து இல்லை. ப்ரைமரின் வேகத்துக்கே குண்டு கூட்டை விட்டு வெளியேறிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வராது. அதைப் பார்த்தவர் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே மேகசினின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஒரு இழுப்பு, அடுத்த தோட்டா உள்ளே. விரல் விசைக்குப் போவதற்குள் நான் கத்தியது நல்லவேளையாக அவர் காதில் விழுந்தது. தோட்டாவை இறக்கிவிட்டுப் பின்பக்கமிருந்து கம்பியை விட்டுப் பார்த்தால் இரண்டு விரல் அகல தூரத்தில் குண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லையென்றால் பிளந்திருக்கும்.

வேகமாகச் சுடும் பயிற்சியில் மனசுக்குள் ஏறிவிடும் அந்த "தட்டு, இழு" பழக்கம்தான் இங்கே எமன். சத்தம் குறைந்தாலும், கையில் உதை குறைந்தாலும், இலக்கில் ஓட்டை விழாவிட்டாலும் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கி வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும். 30 விநாடியாவது அப்படியே காத்திருங்கள், சில சமயம் ப்ரைமர் தாமதமாகப் பற்றும். பிறகு இறக்கிவிட்டுக் குழலைப் பாருங்கள். முன்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன், அதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

380 பற்றி நம் வெர்னியர் வந்து சொல்வார்.

வெர்னியர்:

அழைத்ததும் வந்துவிட்டேன்.

380 ஆட்டோவின் கூடு 17.3 மி.மீ. நீளம், 9 எம்எம் லூகரின் கூடு 19.15. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான், 9 மி.மீ. சொச்சம். இந்த வகைத் தோட்டாக்கள் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறைக்குள், கூட்டின் வாய் விளிம்பில் முட்டித்தான் நிற்கும். கூடு கிட்டத்தட்ட 2 மி.மீ. குட்டை என்றால் முட்ட வேண்டிய இடத்தில் முட்டாது, காலிக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடித்துக்கொண்டால் அதன் தயவில் தொங்கும். அப்படிப் பிடித்திருந்தால் வெடிக்கவும் செய்யும். அழுத்தத்தைப் பார்த்தால் 380இன் உச்சவரம்பு 21,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 எம்எம் லூகருக்கு 35,000. ஆக உண்மையான 380 தோட்டா 9 எம்எம் பிஸ்டலை உடைக்காது. கூடு வீங்கும், சில நேரம் வெடிக்கும், ஸ்லைடு ஒழுங்காகப் பின்வாங்காது, குறி எங்கோ போகும். கண்ணாடி போட்டிருந்தால் பெரும்பாலும் எரிச்சலோடு முடிந்துவிடும். தலைகீழாக 380 பிஸ்டலில் 9 எம்எம் லூகரைப் போட்டால் நீளம் அதிகம் என்பதால் ஸ்லைடே மூடாது, அங்கே அளவே காப்பாற்றிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்கள். 9 எம்எம் லூகர், 9 எம்எம் பாராபெல்லம், 9×19 மூன்றும் ஒன்று. 380 ஆட்டோ, 9 எம்எம் கூர்ஸ், 9 எம்எம் கோர்ட்டோ, 9×17 நான்கும் ஒன்று. கூர்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் குட்டை, கோர்ட்டோ என்றால் இத்தாலியில் குட்டை. 9 எம்எம் மக்காரோவ் இது இரண்டுமே இல்லை, அதன் குண்டு 9.27 மி.மீ. இப்போது யோசித்துப் பாருங்கள், அவசரத்தில் இருக்கும் ஒருவர் கண்ணில் 9 எம்எம் என்ற எழுத்து மட்டும் படுகிறது, பின்னால் வரும் குட்டி வார்த்தை படவில்லை. இதில் 38 ஸ்பெஷல் என்பதன் குண்டு உண்மையில் 0.38 அங்குலம்கூட இல்லை, 0.357தான். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது.

பெயர் மாறினால் உண்மையில் எங்கே அடிபடும் என்றால், பெரிய சேம்பருக்குள் சின்னத் தோட்டா நுழைகிற ஜோடிகளில். 40 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் சேம்பரில் 9 எம்எம் விழுந்து கொக்கியில் நின்றுவிடும். சுட்டால் 10.16 மி.மீ. குண்டுக்கான குழலில் 9 மி.மீ. குண்டு கடகடவென்று ஆடிக்கொண்டு போகும், கூடு பலூன் மாதிரி விரிந்து கிழியும், அந்த வாயு எந்த வழி கிடைக்கிறதோ அந்த வழியாக வெளியே வரும். 357 சிக் தோட்டாவும் 40இன் சேம்பருக்குள் அழகாக உட்காரும், ஏனென்றால் அது 40இன் கூட்டையே வைத்துக் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. அதன் அழுத்த வரம்பு 40,000 பிஎஸ்ஐ. இரண்டுக்கும் மேகசினும் ஒன்றேதான் என்பதால் மாறிப்போக எல்லா வசதியும் உண்டு.

எனக்கு அதைவிடப் பயம் 38 ஆட்டோவும் 38 சூப்பரும். இரண்டும் வெளி அளவில் அச்சு அசல் ஒன்று. ஒன்றுக்கு வரம்பு 26,500 பிஎஸ்ஐ, மற்றதுக்கு 36,500. பழைய 38 ஆட்டோ பிஸ்டலில் சூப்பர் தோட்டா எந்தத் தடையும் சொல்லாமல் நுழையும். வேறுபடுத்துவதற்காகவே சூப்பரின் அடியில் +பி என்று, அதாவது அழுத்தம் அதிகம் என்ற குறியை, சேர்த்தார்கள். அந்த அடியெழுத்தைப் படிக்காவிட்டால் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. 1930களில் 357 மேக்னம் வந்தபோது இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். 38 ஸ்பெஷலைவிடக் கூட்டை 3 மி.மீ.க்குச் சற்று மேல் நீட்டினார்கள். 17,000 பிஎஸ்ஐ தாங்கும் பழைய 38 ரிவால்வருக்குள் 35,000 பிஎஸ்ஐ தோட்டா நுழையக் கூடாது என்பதுதான் காரணம்.

நிற்க. உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் உறுத்துகிறது. கையில் வேறு மாதிரி பட்டது என்றீர்களே, எப்படி வேறு மாதிரி? உண்மையான 380 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 25 மி.மீ. 9 எம்எம் லூகர் 29.7 வரை போகும். பக்கத்தில் நிறுத்தி வைத்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மாதிரி தெரிந்துவிடும். காலிப்பர் இருந்தால் அளந்து சொல்லுங்கள். குண்டை மட்டும் நோண்டாதீர்கள்.

பழைய சிலிண்டர்:

எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்துகிறீர்கள். முப்பது வருடமாகச் சுடுகிறேன், எத்தனையோ ரீகால் பார்த்துவிட்டேன். வக்கீலுக்குப் பயந்து கம்பெனிக்காரன் விடும் நோட்டீஸ் அது. லட்சத்தில் ஒன்று கெட்டிருக்கும். நல்ல தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள், எடை மாறியதைத் தூக்கிப் போடுங்கள், மீதியைச் சுடுங்கள். 200 தோட்டாவைச் சும்மா தூக்கிக் கொடுக்கப் பணம் மரத்திலா காய்க்கிறது?

பித்தளை பொறுக்கி:

சிலிண்டர் அண்ணே, மன்னிக்கணும், தராசு யோசனை கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது.

115 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) குண்டு போட்ட ஒரு 9 எம்எம் தோட்டாவை எடுங்கள். குண்டு 115, கூடு ஏறக்குறைய 60, ப்ரைமர் மூன்று நான்கு, மருந்து வெறும் 5 கிரெயின் வாக்கில். மொத்தம் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதில் மருந்து கால் கிராமுக்குச் சற்று மேல். இப்போது கூட்டுக்குக் கூடு இரண்டு மூன்று கிரெயின் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும், குண்டிலும் கொஞ்சம் இருக்கும். மருந்து சுத்தமாகவே இல்லாத தோட்டாவைக்கூட இந்தக் கூச்சலில் உறுதியாகப் பிடிக்க முடியாது. ஒரு கிரெயின் கூடியதை எங்கே பிடிப்பது? கனமான கூட்டில் மருந்து குறைவாகவும் லேசான கூட்டில் மருந்து அதிகமாகவும் இருந்தால் தராசு இரண்டையும் பார்த்து "நல்லவன்" என்று சொல்லிவிடும். நான் வீட்டில் தோட்டா கட்டுகிறவன், அதாவது சுட்ட காலிக் கூட்டில் மறுபடி ப்ரைமர், மருந்து, குண்டு வைக்கிறவன். சந்தேகம் வந்த என் சொந்த லோடுகளையே நிறுத்துப் பிரித்துப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் குண்டு பிடுங்கிச் சரிபார்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் கணக்கு எனக்குத் தெரியும் என்பதால் அதைச் செய்தேன். தொழிற்சாலைத் தோட்டாவில் என்ன மருந்து போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது, பிரித்துப் பார்த்தாலும் அது சரியான அளவா என்று சொல்ல முடியாது. அதனால் புதுக்கை, அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வக்கீல் பயம் என்பதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில் பொம்மைக்கும் மிக்சிக்கும் ரீகால் போடச் சொல்லும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தோட்டா விஷயத்தில் அதிகாரமே கிடையாது. 1972இல் அந்தச் சட்டம் வந்தபோதே துப்பாக்கியையும் தோட்டாவையும் விலக்கிவிட்டார்கள், 1976இல் திருத்தம் போட்டு அதை இன்னும் இறுக்கினார்கள். ஆக அங்கே வரும் ஒவ்வொரு தோட்டா ரீகாலும் நிறுவனம் தானாக முன்வந்து செய்வதுதான். அழுத்த வரம்பு நிர்ணயிப்பதும் சாமிதான். நம் சாமி இல்லை, 1926இல் அங்கே தயாரிப்பாளர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அப்படி வாய்த்துவிட்டது. அதன் விதிகளும் விருப்பத்தின் பேரில் பின்பற்றுவதுதான். ஐரோப்பாவில் சிஐபி என்று 1914இலிருந்து ஒரு சோதனை அமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பு நாடுகளில் லாட் லாட்டாகச் சோதித்துத் தேறினால்தான் விற்கலாம், பெட்டியில் அந்த முத்திரை இருக்கும்.

என் கேள்வி இதுதான் அண்ணே. யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் கைக்காசைப் போட்டு, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நிறுவனம் திரும்பக் கேட்கிறது என்றால், அவர்கள் தொழிற்சாலையில் ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வக்கீலுக்குப் பயந்தே விட்டிருந்தாலும் வக்கீல் சும்மா பயமுறுத்துவாரா?

பணம் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுத்துச்செல்ல அவர்களே ஏற்பாடு செய்வார்கள், மாற்றுத் தோட்டா தருவார்கள். அட்டை இல்லை, லாட் எண் தெரியாது, மற்றவற்றோடு கலந்துவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே பார்சல் கட்டி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவைத் தபாலில் ஏற்பதே இல்லை, தனியார் கூரியருக்கும் தனி விதிகள் உண்டு.

அப்புறம், எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். சாகாது. ஊறிய தோட்டா சில நாள் கழித்து வெடிக்கவும் செய்யும், ப்ரைமர் மட்டும் வெடித்து மேலே மூன்றாம் லேன் சொன்ன கதையை நடத்தியும் காட்டும்.

புதுக்கை:

எல்லாருக்கும் நன்றி. டப்பாவை மூடி எழுதி ஒட்டிவிட்டேன்.

வெர்னியர் சார், அளந்தேன். நீளம் 28.9 மி.மீ. 380 என்றால் 25க்குள் இருக்க வேண்டும் என்றீர்கள், இது கிட்டத்தட்ட மற்ற 9 எம்எம் தோட்டாக்களின் உயரமே இருக்கிறது. அதனால்தான் ஏற்றும்போது கண்ணில் படவில்லை போல. வேறு மாதிரி பட்டது என்று சொன்னது உயரத்தை இல்லை. குண்டு லேசாக ஆடுகிறது. விரல் பட்டதும் ஒரு மயிரிழை அசைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செம்பு நிறம் அதிகம் தெரிகிறது, பித்தளை குறைவாகத் தெரிகிறது. காலிப்பர் தப்பாகக் காட்டுகிறதோ என்று மூன்று முறை அளந்தேன்.

பித்தளை பொறுக்கி:

காலிப்பர் சரியாகத்தான் காட்டுகிறது. தம்பி, ஒரு கேள்வி. டப்பாவில் "ஏற்கெனவே கொஞ்சம் மிச்சம் கிடந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? மறுபடி நிரப்பிய தோட்டாவா?

புதுக்கை:

ஆமாம். ஒருவர் மலிவாகக் கொடுத்தார், ஒரு பிளாஸ்டிக் பையில் நூறு. பையின் மேல் 9 எம்எம் லூகர் 115 கிரெயின் என்று பேனாவால் எழுதிய சீட்டு மட்டும் இருந்தது. அடியெழுத்துகள் பல கம்பெனி பெயர்களில் இருந்தன, அது சகஜம் என்று சொன்னார். அதை இதோடு சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை.

பித்தளை பொறுக்கி:

அதுதான் கதை. உங்கள் கையில் இருப்பது 380 தோட்டாவே இல்லை. 380 கூட்டுக்குள் கட்டிய 9 எம்எம் தோட்டா.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், என் புனைபெயருக்கு ஏற்ற விஷயம். ரேஞ்சில் தரையில் கிடக்கும் காலிக் கூடுகளை வாரிக்கொண்டு வந்து கழுவித் தரம் பிரிக்கிறோம். 40 கூட்டுக்குள் 9 எம்எம் கூடு போய் ஒளிந்துகொள்ளும், 9 எம்எம் குவியலில் 380 கூடு கலந்து கிடக்கும். 2 மி.மீ. வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது, ஆயிரம் கூடு பார்த்துக் களைத்த பிறகு, சுலபமில்லை. அந்த ஒன்று கூட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் 9 எம்எம் அச்சுக்குள் போகும். கொஞ்சம் இளைத்த கூடு என்பதால் அச்சு அதை ஒழுங்காக இறுக்காது, ஆனால் பிடிவாதமாகத் தடுக்கவும் செய்யாது. ப்ரைமர் ஏறும், 9 எம்எம்முக்கு உரிய மருந்து விழும், மேலே குண்டு உட்காரும், முழு நீளம் 9 எம்எம்முக்கு அமைத்தபடியே வரும். கூடு குட்டை என்பதால் குண்டின் பின்பகுதியை 2 மி.மீ. அளவுக்குத்தான் அது கவ்வியிருக்கும். ஆடாமல் என்ன செய்யும்? கையால் கட்டினால் கட்டும் எந்திரத்தின் கைப்பிடியை அழுத்தும்போதே தளர்ச்சி தெரியும், நானே இரண்டு முறை பிடித்திருக்கிறேன். அவசரமாகக் கட்டினாலோ தானியங்கி எந்திரத்தில் ஓடவிட்டாலோ தெரியாது.

சேம்பருக்குள் ஏறும்போது சரிவில் முட்டி அந்தக் குண்டு கூட்டுக்குள் அமுங்கும். மருந்துக்கு இருக்கும் இடம் சுருங்கினால் அழுத்தம் நேராக ஏறாது, தாவி ஏறும். சாதாரண 9 எம்எம் தோட்டாவிலேயே குண்டு உள்வாங்கினால் ஆபத்து என்கிறோம், இங்கே 21,500 பிஎஸ்ஐக்குச் செய்த கூட்டில் 35,000க்கு அளந்த மருந்து. வெர்னியர் சொன்ன "எரிச்சலோடு முடிந்துவிடும்" கணக்கு உண்மையான 380க்குத்தான், இதற்கு அது பொருந்தாது. கூட்டின் அடிப்பாகம் கிழிந்தால் வாயு மேகசின் வழியாகக் கீழே இறங்கும், கைப்பிடி உள்ளங்கையிலேயே பிளக்கும்.

நிரப்பிய தோட்டாவில் அடியெழுத்து சொல்வது கூட்டின் பிறப்பு மட்டும். இப்போது உள்ளே குடியிருப்பது யார் என்று கட்டியவருக்குத்தான் தெரியும். அவர் லாட் எண்ணும் போடவில்லை, ரீகாலும் விடப்போவதில்லை.

வெர்னியர்:

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அடியெழுத்தை மட்டும் வைத்து உண்மையான 380 என்று கணக்குப் போட்டுவிட்டேன். நீளம் கேட்கத் தோன்றியது புண்ணியம்.

பழைய சிலிண்டர்:

சரி, பின்வாங்குகிறேன், பாதி. ரீகால் விஷயத்தில் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. தராசு விஷயத்தில் பொறுக்கி சொல்வது நியாயம், என் தராசிலேயே பத்துத் தோட்டா நிறுத்துப் பார்த்தேன், பத்தும் பத்து எடை.

ஒன்று சொல்லாமல் விட்டேன், சொல்ல வெட்கமாக இருந்தது. நான் 38 ஸ்பெஷல் ரிவால்வர்க்காரன். ரிவால்வரில் தோட்டா வெடிக்கிறதோ இல்லையோ, விசையை இழுத்தால் சிலிண்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டல் மாதிரி அது நின்று எச்சரிக்காது. 38 ஸ்பெஷல் 1898இல் வந்தது, கரிமருந்துக் காலத்துப் பெரிய கூடு. இன்றைய மருந்து மூன்று நான்கு கிரெயின் போட்டால் அடியில் சிட்டிகை மாதிரி கிடக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் நண்பர் கட்டிக் கொடுத்ததைச் சுட்டுக்கொண்டிருந்தேன். காதடைப்பு வேறு, பக்கத்து லேன் சத்தம் வேறு. "டப்" கேட்கவே இல்லை. அடுத்ததும் போனது. குழலில் நடுவில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வீக்கம். துப்பாக்கி என் அப்பாவுடையது. அதன் பிறகு வேறு யார் கட்டியதையும் நான் சுடுவதில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

புதுக்கை:

கடைசித் தகவல். அறிவிப்பில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டேன். கலந்துவிட்டதைச் சொன்னதும் திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவர்கள் பெயர் அடியில் உள்ளதை மட்டும் பிரித்து வைக்கச் சொன்னார்கள், எடுத்துச்செல்ல ஆள் வரும், மாற்று அனுப்புவார்கள். பிரித்தபோது 113 தோட்டா அவர்களுடையது, மீதி 61 பல பெயர்களில். அந்த 61ஐ ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு 380 கிடைத்தது. அது ஆடவில்லை, கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். அந்த 61ஐ நாளை ரேஞ்சில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அங்கே கெட்ட தோட்டா போடும் இரும்புப் பெட்டி இருக்கிறது.

பை கொடுத்தவருக்கு போன் செய்தேன். "நான் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை" என்றார்.

மூன்றாம் லேன்:

அந்த இரண்டையும் மட்டும் பெட்டியில் போடாதே தம்பி. தனி உறையில் போட்டுக் கையில் கொடு. அடியெழுத்தும் முழு நீளமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வை. அதே பையிலிருந்து வாங்கியவர்கள் நம் ரேஞ்சிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், நாளைக் காலை அவர்களிடம் காட்ட வேண்டும்.